இரண்டு பெடல் வண்டி

என் கணவர் அந்தக் காரை வாங்கியபோது அது ஓடவில்லை. லாரிக்குப் பின்னால் சங்கிலி போட்டு இழுத்து, அடுகோடியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெங்களூரில், தொண்ணூறுகளின் தொடக்கம். கன்னிங்காம் ரோடு பக்கம் பழைய பங்களாக்களை இடித்து அபார்ட்மென்ட் கட்டிக்கொண்டிருந்த காலம். இடிபடவிருந்த ஒரு பங்களாவின் பின்கட்டில், கோழிகள் குடியிருந்த நிலையில், இது கிடைத்தது. எஸ்டேட்காரர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்ததாம். இரண்டே கதவு. கட்டில் நீளத்துக்கு பானெட். அந்த ஊர் இளவட்டங்கள் சிக்னலுக்குச் சிக்னல் ரேஸ் விடுவதற்கென்றே செய்த வண்டி என்று இவர் சொன்னார். ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது.

“இன்னாம்மே அப்டி பாக்குற? எட்டு சிலிண்டர்மே!”

“கோழியும் எட்டு இருந்துச்சாமே. அதையும் சேர்த்து வாங்கியிருந்தா முட்டையாவது கிடைச்சிருக்கும்” என்றேன்.

இவர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். படித்து பெங்களூரில் ஓர் அரசுத் தொழிற்சாலையில் இன்ஜினியர் ஆனார். ஆனாலும் வீட்டில் பேசும்போது தங்கவயல் பேச்சு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் சாப்பிட்ட கையோடு ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஷெட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஷெட்காரரை நாங்கள் எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டோம்.

பெங்களூரில் அப்போது பழைய அமெரிக்கக் கார் வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். உள்ளே இருக்கும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஏதாவது வேனின் டீசல் எஞ்சினை அதன் கியர்பாக்ஸோடு சேர்த்து வைத்துவிடுவார்கள். பெட்ரோல் போட்டு மாளாது என்பது காரணம். வெளியே ராஜா மாதிரி இருக்கும் வண்டி, சாவி திருகியதும் மாவு மில் மாதிரி சத்தம் போடும். பாயும் அதையே சொன்னார்.

“பெட்ரோல் எஞ்சின் நக்கோ சார், வேணாம். போதாததுக்கு ஆட்டோமேட்டிக் கியர் வேற. அதுக்குள்ள கைய விட்டா, கை திரும்ப வராது.”

இவரும் தலையாட்டினார். எஞ்சினும் கியர்பாக்ஸும் வெளியே வந்தன. பழைய டயர்கள் மேல் உட்காரவைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். டீசல் எஞ்சின் ஒன்று பேசி முடித்தாயிற்று. அதன் கியர் ராடு மேலே வர வேண்டும் என்பதற்காக வண்டியின் தரைத் தகட்டில் சதுரமாக ஓட்டை வெட்டினார்கள். அதற்குப் பிறகு வேலை நத்தை மாதிரி நகர்ந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் இவர் தவறாமல் போய், எஞ்சின் இல்லாத அந்த வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வருவார். சக்கரம் நகராததால் பழத்தை பாய் காலால் மிதித்து நசுக்குவாராம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகளுக்கு விபத்து நடந்தது.

காலேஜில் இரண்டாம் வருஷம். மொபெட்டில் ஓசூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தாள். இடப்பக்கம் திரும்பிய லாரி அவளையும் சேர்த்துத் திரும்பிவிட்டது. அதற்குமேல் என்னால் எழுத முடியாது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், வேளைகெட்ட வேளையில் போன் அடித்தால் அதை எடுக்க எனக்குக் கை எழுவதில்லை. வேறு யாராவது எடுத்து, குரல் சாதாரணமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும்.

ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் இடது பாதத்தில் உணர்வு திரும்பவில்லை. கைத்தடி ஊன்றி நடக்கலாம். அந்தப் பாதத்தை அழுத்து என்றால் அழுத்தாது, தூக்கு என்றால் தூக்காது. வீட்டுப் படியேறும்போது பையைத் தூக்குவதுபோல் அதைக் கையால் தூக்கி வைப்பாள்.

மறுபடி காலேஜுக்குப் போக ஆரம்பித்ததும் நானும் கூடவே போனேன். ஆட்டோவில் வண்டிகள் வரும் பக்கம் நான் உட்கார்ந்துகொள்வேன், இடித்தால் என்மேல் இடிக்கட்டும் என்று. வகுப்பு முடியும்வரை வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவளுடைய சிநேகிதிகள் எல்லாம் எனக்கும் சிநேகிதிகள் ஆனார்கள். நான் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆட்டோவில் வரும்போது, வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

“நீ கூட வர்ற வரைக்கும் நான் பேஷன்ட்தான்ம்மா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவள் மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். தனியாகப் போக அவளுக்கு என்ன வழி? பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோவில் தனியே அனுப்ப எனக்குத் தைரியம் கிடையாது. மொபெட் என்ற சொல்லையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கார் என்றால் கிளச்சுக்கு இடது கால் வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவோடு ஷெட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். நானும் போனேன். டீசல் எஞ்சின் வந்து இறங்கி, சங்கிலிக் கப்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் நேராகக் காரின் கதவைத் திறந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“கிளச் எங்கப்பா?”

“இனிமேதான்மா வெக்கணும். இந்த வண்டிக்கு கிளச் இல்ல. ஆக்சிலேட்டர், பிரேக், ரெண்டே பெடல்தான். புது கியர்பாக்ஸ் வெச்சதும்...”

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். பாய் கையில் பிடித்திருந்த சங்கிலியை விடாமல் இவரைப் பார்த்தார். மாற்றி மாற்றி எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஐந்தாறு வருஷமாக ஞாயிறு தவறாமல் அந்த வண்டியைச் சுற்றி வந்தவர்களுக்கு, விபத்து நடந்து இத்தனை நாள் கழித்தும், இது இடது கால் கேட்காத வண்டி என்பது தோன்றியிருக்கவில்லை.

“பாய், அந்த எஞ்சின இறக்கிடுங்க” என்றாள் என் மகள். “வைக்காதீங்க.”

அன்றிலிருந்து வேலை திசை மாறியது. டீசல் எஞ்சின் வந்த வழியே போனது. தார்ப்பாயைத் தூக்கிப் பழைய எஞ்சினைத் தூசி தட்டினார்கள். தரையில் வெட்டிய ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். எஞ்சின்கூட ஒரு மாதிரி ஒத்துழைத்தது. அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் எல்லோரையும் அழவைத்தது. அதைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்த வரிசையிலேயே பழைய பேப்பர் மேல் பரப்பி வைத்தார்கள். ஒரு மாதம் அது அப்படியே கிடந்தது. யாரும் தும்மக்கூட கூடாது என்று பாய் உத்தரவு போட்டிருந்தார். தட்டுகள் எல்லாம் நன்றாக இருந்தன. எண்ணெய் கசியாமல் பிடிக்கும் ரப்பர் சீல்கள் மட்டும் அப்பளம்போல நொறுங்கின. ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போயிருந்தான். அந்த வருஷம் அங்கே போகாத பையன் யார்? அவன் லீவில் வரும்போது சாக்லேட், வாசனை சோப்பு, அவன் அம்மாவுக்கு மிக்ஸி இவற்றோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் அத்தனை சீல்களையும் கொண்டுவந்தான். “ஆன்ட்டி, கஸ்டம்ஸ்ல இது என்னன்னு கேட்டான். எனக்கே தெரியாதுன்னு சொன்னேன், விட்டுட்டான்” என்றான்.

எல்லாவற்றையும் பூட்டி, வண்டியை முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது நான் ஷெட் வாசலில் நின்றிருந்தேன். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. காதில் கேட்கவில்லை, செருப்பு வழியாக ஏறியது. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்துவிட்டார்கள். இவர் கியரை முன்னால் போகும் இடத்தில் போட்டார். வண்டி அசையவில்லை. மறுபடி போட்டார். ஒன்றுமில்லை. ரிவர்ஸ் போட்டார். குதிரை மாதிரிப் பின்னால் பாய்ந்தது.

“ரிவர்ஸ் சூப்பர் சார்” என்றார் டீக்கடைக்காரர்.

ஒரு சீலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. யார் போட்டது என்பதில் இவருக்கும் பாய்க்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. மறுபடி இறக்கி, மறுபடி பிரித்து, மறுபடி பேப்பர். என் மகள் மட்டும் மனசு உடையவில்லை. “பின்னாடி போகுதுல்ல, முன்னாடியும் போகும்” என்று இரண்டு பேருக்கும் சேர்த்து டீ சொல்லுவாள்.

முன்னாலும் போயிற்று. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் அப்போது ரோடு போட்ட காலி மனைகள்தான். ஞாயிறு காலைகளில் அங்கே ஓட்டிப் பழகினாள். வலது கால் ஒன்றே எல்லாவற்றையும் செய்தது. இடது கால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. லைசென்ஸ் டெஸ்ட்டில் இன்ஸ்பெக்டர் உள்ளே எட்டிப் பார்த்து “கிளச் எல்லம்மா?” என்றார், கிளச் எங்கே என்று கன்னடத்தில். கிளச்சே கிடையாது என்றாள். அவர் நம்பாமல் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தானே ஏறி உட்கார்ந்து இரண்டு ரவுண்டு போகச் சொன்னார். டெஸ்ட்டுக்கு ஒரு ரவுண்டு போதும். இரண்டாவது அவருடைய ஆசைக்கு.

கஷ்டம் அதற்கப்புறம்தான். அவளுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தது. வழி ஓசூர் ரோடு. அதே ரோடு, அதே திருப்பம். ஸ்டீயரிங் இடப்பக்கம் என்பதால் நான் உட்கார்ந்தது வலப்பக்கம், நடு ரோட்டை ஒட்டி. எதிரே வருகிற ஒவ்வொரு லாரியும் என் மடியில் ஏறவே வருவதாகத் தோன்றும். முன்னால் போகும் வண்டியைத் தாண்ட வேண்டுமென்றால் அவளுக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. நான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“ரைட்ல யாராவது வர்றாங்களாம்மா?”

“வர்றாங்க.”

“இப்போ?”

“இரு, இரு, வர்றாங்க.”

ஒரு சனிக்கிழமை இவர் பின் சீட்டில் இருந்தார். “ஏம்மே, நீ சொல்ற லாரி இன்னும் ஓசூரே தாண்டலமே!” என்று கத்தினார். தண்ணீர் டேங்கர் ஒன்றின் பின்னாலேயே, அது சிந்தும் தண்ணீரில் நனைந்துகொண்டே பொம்மனஹள்ளிவரை போனோம்.

தினமும் நான் அவளோடு போய், பஸ்ஸில் திரும்பி, சாயங்காலம் மறுபடி பஸ்ஸில் போய் அவளோடு வந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, வழக்கம்போலக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். அவள் ஸ்டார்ட் செய்யவில்லை.

“அம்மா. இறங்கிக்கோ.”

“ஓவர்டேக் பண்ணணும்னா வலப்பக்கம் யாருடீ பார்ப்பா?”

“நான் ஓவர்டேக்கே பண்ணப்போறதில்ல. எவன் முன்னாடி போறானோ அவன் பின்னாடியே போறேன். மாட்டு வண்டியா இருந்தாலும் சரி. லேட்டா போனா எனக்குத்தானே திட்டு விழும்.”

கேட் பக்கம் நின்ற இவரைப் பார்த்தேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். நான் இறங்கினேன். கதவைச் சாத்தினேன். சரியாகச் சாத்தவில்லை என்று அவள் சைகை காட்டினாள். மறுபடி திறந்து சாத்தினேன். தெருமுனை திரும்பியும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் கேட்டது.

அன்று முழுக்க என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. சாம்பாரில் உப்பு இரண்டு முறை போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் அவள் வர வேண்டிய நேரம் தாண்டியது. போன் அடிக்கவில்லை. அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், ஏன் அடிக்கவில்லை என்றும் பயந்தேன். கேட்டுக்கு வந்து நின்றேன். தெருவிளக்கு எரிய ஆரம்பித்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

வண்டி வந்து நின்றது. வலப்பக்க மட்கார்ட் முழுக்கக் கீறி, பின்னால் உள்வாங்கியிருந்தது. கதவு திறந்தது. முதலில் கைத்தடி வந்தது, அப்புறம் அவள். முகமெல்லாம் சிரிப்பு.

“ஆபீஸ் பார்க்கிங்ல தூண்ல தேச்சுட்டேன்ம்மா. வாட்ச்மேன் என்ன திட்டு திட்டினான் தெரியுமா? ‘கண்ணு பிடரிலயா இருக்கு’ன்னான். நான் குச்சிய ஊணிக்கிட்டு இறங்கினேன். குச்சியப் பார்த்தான்ம்மா. பார்த்துட்டும் நிறுத்தல! தூணுக்குப் பெயின்ட் யார் அடிப்பான்னு கேட்டுக் கேட்டுத் திட்டினான்.”

அந்தக் கதையை அவள் அப்புறம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. விபத்துக்குப் பிறகு அவளை யாருமே திட்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இவர் கீழே மண்டியிட்டு, கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பெயின்டுக்கு மட்டும் அவர் பட்டது கொஞ்சமில்லை. அந்தச் சிவப்பு சரியாக வரும்வரை நான்கு முறை சுரண்டியவர்.

“பாய்கிட்ட விட்டா ரெண்டு நாள்ல நிமித்திடுவாரு” என்றார், யாரையும் பார்க்காமல். “நாளைக்கும் நாளன்னிக்கும் ஆட்டோல போம்மா. அம்மா கூட வருவா.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“வண்டி அவளுக்கு வேணும்” என்றேன். “நசுங்கினபடியே இருக்கட்டும்.”