முஷ்டிக்கு அளவெடுத்தவர்

தோல் பார்சல் வந்த கையோடு கிருஷ்ணகுமாரி அதைப் பிரித்து, காதோரம் வைத்து மடக்குவார். கிறீச்சென்று மெல்லிய சத்தம் வந்தால் முகம் மலரும். சத்தமே இல்லாமல் துணி மாதிரி மடங்கினால், "இது சோபாவுக்குத்தான் ஆகும்லா," என்று ஓரமாகப் போட்டுவிடுவார். ஜோகூர் மாநிலத்துச் செடெனாக்கில் அவர் வீட்டுக் கார் நிழற்கூரையின் கீழ் கார் நின்று வெகுகாலமாகிறது. அங்கே ஒரு நீள மேசை. அதன்மேல், யாரோ சமையலறை கட்டியபோது மிச்சமான சலவைக்கல் துண்டு. ஊர் சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போகும். இவர் அந்தக் கல்லின் மேல் தோலைப் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பார்.

மற்ற நாட்களில் அவர் கூலாயில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருக்கும் ஆள், தன் பல்லைத்தான் இந்த அம்மா கவலையோடு பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார். இவர் கண் அந்த ஆளின் இடுப்பு பெல்ட்டில் இருக்கும். ஒரு கல்யாணத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாளின் கைப்பையைத் திருப்பித் தையலைப் பார்த்து, மாட்டிக்கொண்டார். அந்த அம்மாள் மணப்பெண்ணின் பெரியம்மா. "திருடல மா, தையலைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. கணவர் மதிவாணன், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், அன்று சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை இவரைத் தெரியாத மாதிரியே நடந்துகொண்டார்.

உறவில் ஒருவர், "சாமி மேடை இருக்கிற வீட்ல மாட்டுத்தோலா?" என்று முகம் சுளித்தார். "கோயில் தவிலுக்கு என்ன பிளாஸ்டிக்கா கட்டியிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, இவர் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிட்டார்.

கடையில் வாங்கிய உளிகளும் சுத்தியலும் அவரிடம் உண்டு. ஆனால் அவருக்குச் செல்லம், கிளினிக்கில் கழித்துக்கட்டிய கருவிகள்தான். சொத்தைப் பல்லைக் குடைந்த கொக்கிக் கம்பி இப்போது மூலை முடுக்கெல்லாம் பசை தடவுகிறது. தைக்கும்போது தோலை மரக்கவ்வியில் நிறுத்தி, கவ்வியைத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொள்வார். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று. "ஒரு பக்கம் அறுந்தாலும் மத்த பக்கம் பிடிச்சுக்கும். மெஷின் தையல்ல ஒண்ணு போச்சுன்னா வரிசையா எல்லாம் போயிரும்." கடைசியில் வெட்டு விளிம்பைத் தண்ணீர் தொட்டு, மரக்கட்டையால் பளபளவென்று ஆகும்வரை தேய்ப்பார். அதைச் செய்யாமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "பல்லு விளக்காம விருந்துக்குப் போன மாதிரி இருக்கும் எனக்கு."

இப்படிப் பணப்பை, சாவிக்கொத்து, அக்காள் பெண்ணுக்குத் தோள்பை என்று போய்க்கொண்டிருந்தவரிடம்தான் ஒருநாள் விஜயன் என்ற இளைஞன் பல்வலியோடு கிளினிக்குக்கு வந்தான்.

சக்கர நாற்காலியில் வந்தவனின் விரல் முட்டிகளெல்லாம் பிளாஸ்திரி. ஆயர் ஈத்தாம் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இப்போது கைத்தொலைபேசி பழுதுபார்க்கிறான். சாயங்காலத்தில் பந்தய நாற்காலி ஓட்டுகிறான்.

"தம்பி, கையில என்ன?"

"ரேஸ் நாற்காலி அக்கா. சக்கரத்துல ஒரு வளையம் இருக்கும். அதை முஷ்டியால அடிச்சு அடிச்சுத்தான் ஓட்டணும். வெளிநாட்டு கிளவுஸ்தான் போடுறேன், என் கைக்கு ஒத்து வரல. போன வருசம் பாதி ரேஸ்ல வளையமெல்லாம் ரத்தம். வழுக்குது. வலி தாஹான் பண்ண முடியல, தாங்காம நிறுத்திட்டேன்." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: "இந்த வருசமும் அப்படின்னா நாற்காலியை வித்துரலாம்னு இருக்கேன்லா."

வித்துரலாம் என்ற சொல்தான் கிருஷ்ணகுமாரியைக் குத்தியது. டாக்டர் பல்லைப் பிடுங்கி அனுப்பும்போது, "சனிக்கிழமை வீட்டுக்கு வா," என்றார்.

முதல் ஜோடிக் கையுறையைப் பார்த்து அவரே மயங்கினார். அவ்வளவு அழகு. இரண்டே பயிற்சியில் தையல் விட்டுப்போயிற்று. அடிபடும் இடத்திலேயே தைத்திருந்தார். அடுத்ததில் தையலைப் புறங்கைப் பக்கம் தள்ளினார். தோலில் மெல்லிய வாய்க்கால் கீறி, நூலை அதற்குள் படுக்க வைத்தார். நூல் தப்பியது, தோல் தோற்றது. வியர்வையில் ஊறிக் கொழகொழத்துவிட்டது. அதற்கடுத்ததில் தேன்மெழுகை உருக்கித் தடவி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினார். தோல் மெழுகைக் குடித்துப் பலகை மாதிரி இறுகியது. வீடு முழுக்க மெழுகு நாற்றம். "சோத்துலயும் மெழுகு வாடைதான் வருது," என்றார் மதிவாணன். அந்த ஜோடி உடையவில்லை. ஆனால் விஜயனின் அதே முட்டியை அதே இடத்தில் உரித்தது.

அவனுடைய பயிற்சியாளர் ரூபேந்திரன் நல்ல மனிதர். தன்மையாகத்தான் சொன்னார். "அக்கா, உங்க கைவேலை பிரமாதம். ஆனா இது ரேஸ். அடுத்த மாசம் மாநில அணிக்குத் தேர்வு. பழைய கிளவுஸையே போட்டு ஓடட்டும்."

கிருஷ்ணகுமாரி மேசைமேல் கிடந்த கையுறையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வாரம் சுத்தியல் சத்தமே கேட்கவில்லை என்று மதிவாணன் சொல்கிறார்.

அடுத்த வாரம் கிளினிக்கில் ஒரு பெரியவருக்குப் பொய்ப்பல் அளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இளஞ்சிவப்புப் பசையைக் கலந்து வாயில் வைத்து, கெட்டியானதும் உருவினால் பல்வரிசை அப்படியே பதிந்திருக்கும். கிருஷ்ணகுமாரி அந்த அச்சைப் பார்த்தபடி நின்றுவிட்டார். டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

"டாக்டர், காலாவதியான பவுடர் டப்பா ஸ்டோர்ல கிடக்கே, நான் எடுத்துக்கவா?"

"எத்தனை பேருக்குப் பல்லு கட்டப் போறீங்க?"

"பல்லுக்கு இல்ல டாக்டர். முஷ்டிக்கு."

சனிக்கிழமை, பெயிண்ட் வாளி நிறைய இளஞ்சிவப்புக் குழம்பு. "வளையத்தை அடிக்கிறப்ப எப்படி வச்சிருப்பியோ, அப்படியே மடக்கு. அசையாத." விஜயன் முதலில் வலது முஷ்டியை உள்ளே விட்டான். "அலமாக், ஜில்லுனு இருக்கு!" கெட்டியானதும் மெல்ல அசைத்து உருவினான். அந்தக் குழியில் சுண்ணச்சாந்தை ஊற்றி, காய்ந்ததும் உரித்தெடுத்தபோது, மேசைமேல் விஜயனின் முஷ்டி நின்றது. நகக்கண்ணும் தழும்பும்கூடத் தப்பவில்லை. வலது கைக் கட்டைவிரல் முட்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. விபத்தில் ஒடிந்து கோணலாகச் சேர்ந்த எலும்பு. எந்தக் கையுறைக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

"இதான்டா உன்னைக் கடிச்சுக்கிட்டு இருந்துருக்கு," என்றார் கிருஷ்ணகுமாரி. அந்த முட்டியை விரலால் தடவிப் பார்த்தார்.

பிறகு எல்லாம் வேகம். இடது கைக்கும் அப்படியே அச்சு. வார்ப்பைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, தண்ணீரில் ஊறிய தோலை அதன்மேல் இழுத்து, விரலாலும் கரண்டிக் காம்பாலும் அழுத்தி அழுத்திப் படிய வைத்தார். கோணல் முட்டி இருந்த இடத்தில் உட்பக்கம் தோலைச் சீவி மெலிதாக்கி, அதற்கென்று ஒரு சின்னக் குழி விட்டார். காய்ந்தபின் மெழுகு. அடிபடும் முகத்தில் பழைய சைக்கிள் டியூப் ரப்பர். மாட்டிப் பார்த்த விஜயன் மேசையை முஷ்டியால் இரண்டு தரம் தட்டினான். "என்ன அக்கா, கிளவுஸ் போட்ட மாதிரியே இல்ல," என்றான். தேர்வுக்குள் அதை நன்றாகப் பழக்கிக்கொண்டான். ரூபேந்திரனும் அதன்பின் பழைய கையுறையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜோகூர் பாருவில் தேர்வு நாளன்று காலையிலிருந்தே மழை. ஓடுபாதையில் தண்ணீர் பளபளத்தது. எண்ணூறு மீட்டர். பார்வையாளர் படியில் கிருஷ்ணகுமாரி உட்காரவே இல்லை. "மெழுகு தாங்குமாங்க?" என்று கணவரை நச்சரித்துக்கொண்டிருந்தார். "என்னைக் கேட்டா? சமைச்சது நீ," என்றார் மதிவாணன்.

முதல் சுற்றில் விஜயன் நாலாவது. ஈர வளையத்தில் கைகள் வழுக்க, முன்னால் போன ஒருவன் வேகம் குறைந்தான். இன்னொருவன் கையுறையைச் சட்டையில் துடைத்தான். விஜயனின் முஷ்டி மட்டும் தப், தப் என்று ஒரே தாளத்தில் விழுந்தது. கடைசி வளைவில் அவன் இரண்டாவது. நேர்ப்பாதைக்கு வந்ததும் தலை குனிந்துகொண்டு அடிக்க ஆரம்பித்தான்.

"அடிறா! அடிறா விஜய்! கையைப் பத்திக் கவலைப்படாத, அது என் பொறுப்பு!"

படியில் இருந்த சீனர், மலாய்க்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்களும் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். நாற்காலியின் முன்சக்கரம் ஒரு முழம் முந்திக் கோட்டைத் தாண்டியது. ரூபேந்திரன் குடையை வீசிவிட்டு ஓடினார். தேசியப் போட்டிக்கு ஜோகூரின் பெயர்ப்பட்டியலில் விஜயன் இருக்கிறான் என்று ஒலிபெருக்கி மலாயில் சொல்லி முடிப்பதற்குள், மதிவாணன் மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கியபடி, யார் என்று தெரியாத பக்கத்து ஆளிடம், "கையுறை யார் செஞ்சது தெரியுமா? கேளுங்க, இவங்கதான்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விஜயன் வேலியோரம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினான். கிருஷ்ணகுமாரி மணிக்கட்டுப் பட்டைகளைக் கழற்றி, கையுறைகளை உருவினார். முட்டிகள் ஈரத்தில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஒரு கீறல்கூட இல்லை. அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கூட்டம் அவனைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

மழை விட்டபாடில்லை. கிருஷ்ணகுமாரி வேலியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். சூடு ஆறாத வலது கையுறைக்குள் மெல்லத் தன் கையை நுழைத்தார். அவருடைய சின்னக் கை அதற்குள் முழுக்கத் தொலைந்துபோனது. அந்த முஷ்டியைத் தலைக்கு மேலே தூக்கினார்.