பகலில் மட்டும் ஆள் இருக்கும் வீடு

வடக்கே பாணேரில், சொசைட்டி என்று சொல்லும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு நான் காவல்காரனாக இருந்தேன். சுனாமி வந்த மறு வருஷம் அது. மூன்றாம் மாடியில் குடியிருந்த சென்னைக்காரர் பழைய கட்டடங்களைச் சீர் செய்கிறவர். என் ஊர் தரங்கம்பாடி என்று தெரிந்ததும், ஒரு நாள் கம்ப்யூட்டரைக் காவல் அறைக்கே கொண்டுவந்து ஒரு படத்தைக் காட்டினார். டேனிஷ்காரர் காலத்துத் தூண்கள், நடுவில் கையில் முறத்தோடு என் அக்கா.

"உங்க வீடாண்ணே?"

தலையாட்டினேன். யாரைக் கேட்டுப் படம் எடுத்தார்கள் என்றுதான் மனசில் ஓடியது.

அவருடைய குழு அந்தத் தெருவையே இலவசமாகப் பழுதுபார்க்கப் போகிறதாம். ஆனால் வீட்டுக்காரர்கள் அங்கேயே குடியிருக்க வேண்டுமாம். அக்கா தனியாள். அலை உள்ளே வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தப்பியவள். கடலைவிட்டுத் தள்ளி அரசாங்கம் கொடுத்த வீட்டுக்குப் போகக் காத்திருந்தாள்.

வருஷா வருஷம் கடல் நெருங்கி வருகிற ஊரில் யாராவது சும்மா செலவு செய்வார்களா? வீட்டை ஹோட்டலாக்கத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அக்காவுக்கு போன் செய்தேன்.

"கடல் உள்ள வராம தடுக்கக் கல்லு கொட்டுவாங்களான்னு கேளு தம்பி. தூணுக்குச் சுண்ணாம்பு பூசி நான் என்ன பண்ண?"

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். அவர் காரை நிறுத்தும்போதெல்லாம் கேட்க நினைத்து, பிறகு ஒருவழியாகக் கல்லைப் பற்றிக் கேட்டேன்.

"அது வேற டிபார்ட்மெண்ட்ணே. எங்க பணம் வீட்டுக்கு மட்டும்தான்."

"அக்கா அங்கதான் இருக்கணுமா சார்?"

"பூட்டிக் கிடந்தா கடல் வர்றதுக்கு முன்னாடி உப்பே சுவரைத் தின்னுடும். கதவு ஜன்னலத் தொறந்து வைக்க ஆள் வேணும்."

அது பொய்யில்லை. எங்கள் பக்கத்து வீடு அப்படித்தான் விழுந்தது. நம்பும்படி காரணம் சொல்லி மடக்கப் பார்க்கிறாரோ என்று அதனாலேயே சந்தேகம் கூடியது.

போனில் இதைக் கேட்டு அக்கா யோசித்துச் சொன்னாள்: "பகல் முழுக்க இருக்கேன். கூட்டுறேன், அடுப்பு மூட்டுறேன். படுக்க மட்டும் புது வீட்டுக்குப் போயிருவேன். இதுக்குச் சரின்னா வரச்சொல்லு."

அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "ராத்திரி யாருண்ணே வந்து பார்க்கப் போறா? சரின்னு சொல்லிடுங்க."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"ராத்திரி சாவி அக்காகிட்டதான் சார் இருக்கும்."

அவர், "யார்கிட்ட இருந்தா என்னண்ணே" என்று சொல்லி லிஃப்டுக்குப் போய்விட்டார்.

அன்று மாலையே அக்காவைக் கூப்பிட்டு, பழுதுபார்க்கும் வேலை முடிந்ததும், அவர்கள் கையில் மாற்றுச் சாவி இருந்தாலும் திறக்காதபடி வாசல் பூட்டை மாற்றிவிடச் சொன்னேன்.