கழுத்தில் இருந்த எண்

என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. சர்க்கரை நோய் உண்டு. ஷூ கடித்த ஒரு சின்னப் புண்ணை இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டேன், அவ்வளவுதான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை எடை போடும் மேடையில் எனக்கு வேலை. உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால் ஒரு கால் இருந்தால் போதும். ஆனால் வீடு இருக்கும் தலத்தெருவிலிருந்து அங்கே போய்ச் சேர வேண்டுமே.

மேலதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்தார். "பொங்கல் வரைக்கும் உங்க எடத்த யாருக்கும் குடுக்க மாட்டேங்க. அதுக்குள்ள வந்துடுங்க" என்றார். செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை நடந்தால் தோல் உரிந்தது. ஒருநாள் பஸ் படியிலேயே விழுந்தேன். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். பஸ் முழுக்க என்னையே பார்த்தது. அதற்குப் பிறகு நான் பஸ் ஏறவில்லை.

கொல்லையில் என் பழைய மோட்டார் சைக்கிள் ஆறு வருஷமாகச் சும்மா நின்றது. பின்னால் இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் வைத்து, கியரைக் கையால் போடுவதுபோல மாற்றிவிட்டால் நானே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று தோன்றியது. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பிறகு புது வண்டி என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. எனக்கோ அதுவரை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கூடப் பழக்கம் கிடையாது.

ஆடியில் தொடங்கினேன். முக்காலியில் உட்கார்ந்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது மனைவி. உப்புக்காற்றில் போல்ட்டெல்லாம் இறுகிப் போயிருந்தன. பாதி உடைந்தன. கார்புரேட்டரை நான்கு முறை பிரித்து மாட்டினேன், நான்கு முறையும் பெட்ரோல் ஒழுகியது. ஒரு பொடி ஸ்பிரிங் எங்கோ தெறித்து ஓடியது. அவள் கொல்லை முழுவதும் பெருக்கி, குப்பையை முறத்தில் போட்டுத் தேடினாள். கிடைக்கவில்லை. "விடுங்க, நாளைக்கிக் கெடைக்கும்" என்றாள். அன்று அவளிடம் எரிந்து விழுந்தேன். காரணமே இல்லை.

பூவத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய்தான் எனக்குத் துணை. வளைகுடாவில் பல வருஷம் இரும்பு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். துருவை எடுக்கத் தன் கிரைண்டரை இரவல் கொடுத்தார். வண்டியின் சட்டம் முழுக்கத் தேய்த்தேன். ஹேண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்தில்தான் துரு செதில் செதிலாக அடைந்திருந்தது. அங்கே ஒரு மணி நேரம் விடாமல் தேய்த்தேன். எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு கறுப்புப் பெயிண்ட் அடித்தேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் வண்டியைக் குட்டி யானை வேனில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பாய் தெரிந்த மெக்கானிக்கை வைத்துக் கார்புரேட்டரைச் சரிசெய்தார், துணைச் சக்கரங்களைப் பொருத்தினார். கியரிலிருந்து ஒரு கம்பியை மேலே கொண்டுவந்து டேங்க் பக்கத்தில் நிறுத்தினார்.

"கவுராதுல்ல பாய்?"

"கவுராதுண்ணே. இன்ஷா அல்லா, நீங்க வேலைக்குப் போறீங்க."

பட்டறைக்கு முன்னால் இருந்த சாலையில் ஓட்டினேன். முதல் கியர், பிறகு இரண்டாவது. மனைவி சேலையை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். அந்தக் கொஞ்ச தூரமும் எனக்குக் காலைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

வண்டியில் செய்த மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் துறைமுக வாசலில் உள்ளே விட மாட்டார்கள். போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்து, "நல்ல வெல்டிங்" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து, கழுத்தில் தாளை வைத்துத் தேய்த்தார். தாள் வெறுமனே கறுத்தது. இடத்தை மாற்றி இன்னொரு முறை தேய்த்தார்.

"சேசிஸ் நம்பர் எங்கங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. கழுத்தில் பொறித்திருந்த வண்டி எண்ணைத் துருவோடு சேர்த்து நானே தேய்த்து எடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. "துருவ எடுத்தேன் சார். கிரைண்டர் போட்டு."

"யாரு போட்டது?"

"நான்தான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "திருட்டு வண்டியிலதாங்க இத இப்படித் தேய்ப்பாங்க. உங்கள அப்படிச் சொல்லல. ஆனா நம்பர் இல்லாத வண்டிக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

மறுபடியும் எண் பொறிக்க வழி உண்டு என்று அவரே எழுதிக் கொடுத்தார். போலீஸ் சான்று, வண்டி தயாரித்தவர்களின் கடிதம், மேலிடத்து அனுமதி. செயற்கைக் காலோடு காவல் நிலையத்துக்கு ஐந்து முறை போனேன். கடிதங்கள் எழுதினேன். எதற்கும் பதில் வரவில்லை. காலைக் கவனிக்காமல் கெடுத்தேன், வண்டியைக் கவனித்துக் கவனித்துக் கெடுத்தேன் என்று மனைவியிடம் சொன்னபோது, அவள் அரிசி களைவதை நிறுத்தாமல், "பேசாம இருங்க" என்றாள்.

பொங்கல் போனது. மேலதிகாரி போன் செய்தார். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாந்தாங்க, ஆனா மேல கேக்குறாங்க..." என்று இழுத்தார். "வேற ஆளுக்குக் குடுத்துடுங்க சார்" என்று நானே முடித்து வைத்தேன்.

இப்போது மனைவி ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் அவள் போன பிறகு சோறு வடிப்பது நான். போன வாரம் பாய் வந்தார். தயங்கித் தயங்கி ஒருவழியாகக் கேட்டார்.

"அந்தத் துணைச் சக்கரத்தக் கழட்டிக்கவாண்ணே? ஒருத்தரு ஸ்கூட்டருக்குக் கேக்குறாரு. ஒங்கள மாரிதான்."

"கழட்டிக்குங்க பாய்."

எல்லாம் புது போல்ட், உடனே கழன்று வந்துவிட்டன. அவற்றைத் தன் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு, "வர்றேண்ணே" என்று சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலம் மனைவி வந்து கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "யாருக்குக் குடுத்தீங்க?"

"தெரியல. கேக்கல."

அவள் முகம் கழுவப் போனாள். நான் அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தேன்.