முகூர்த்த வாரமும் துகள்கற்றையும்

கல்யாணக் கார்டுகள் பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்திலிருந்து எங்கள் கிள்ளான் வீட்டுக்கு வந்த அன்றுதான் எனக்கு நிச்சயித்திருந்த அவர் வெளிநாட்டிலிருந்து போன் செய்தார். அம்மா கார்டுகளின் மூலைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனைச்சிக்காத. தையில வர முடியாது. முகூர்த்தம் வர்ற வாரத்துலதான் எங்க ஆராய்ச்சிக்கு மெஷின் குடுத்திருக்காங்க. விட்டா அடுத்த வருஷம்தான்," என்றார்.

அவரும் நானும் கோலாலம்பூரில் ஒரே வகுப்பில் இயற்பியல் படித்தவர்கள். நான் அவரைவிடக் கெட்டிக்காரி. இதை அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிவார். மேற்படிப்புக்கு இரண்டு பேருக்குமே இடம் கிடைத்தது. பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப முடியாது என்றார் அப்பா. அவர் மட்டும் விமானம் ஏறினார். நான் கிள்ளானில் பள்ளி ஆசிரியை ஆனேன்.

அவருடைய ஆராய்ச்சிக் குழு அளக்கப்போனது, விண்மீன்களுக்குள் கார்பன் எவ்வளவு உருவாகிறது என்பதை. அங்கே மூன்று ஹீலியம் கருக்கள் ஒன்று சேர்ந்தால் கார்பன். ஆனால் அப்படிச் சேர்ந்தது அநேகமாக அதே நொடியில் உடைந்து பழையபடி மூன்றாகிவிடும். ஆயிரக்கணக்கில் ஒன்றுதான் உடையாமல் தப்பும். நம் உடம்பில் இருக்கும் கார்பன் எல்லாம் அப்படித் தப்பியது. விண்மீனுக்குள் போய்ப் பார்க்க முடியாதில்லையா? அதனால் அந்த மெஷினால் மெல்லிய கார்பன் தகட்டின்மேல் துகள்கற்றையைப் பாய்ச்சி, சேர்ந்த நொடியில் இருக்கும் அதே கிளர்ந்த நிலைக்குக் கருக்களைக் கொண்டுவந்து, எத்தனை தப்புகின்றன என்று எண்ண வேண்டும்.

இதை வீட்டில் யாரிடம் சொல்ல?

"நாள் குறிச்சி, கார்டும் அடிச்சாச்சி. இப்ப வந்து மெஷின் கெடைச்சிருக்குன்னா?" என்று அப்பா குதித்தார். சுங்கை வே ஃபேக்டரியில் வேலை பார்த்த சித்தி, "நாம நட்சத்திரம் பாத்து நாள் வெச்சோம். மாப்ள நட்சத்திரத்தையே பாக்கப் போயிட்டாரு லா," என்று சிரித்தார். முகூர்த்தம் தள்ளிப்போனால் ஆகாது, சம்பந்தமே வேண்டாம் என்ற பேச்சும் வந்தது. நான்தான் அவருக்காகச் சண்டை பிடித்தேன். கடைசியில் கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளினார்கள்.

தை பிறந்து அந்த வாரமும் வந்தது. ஏற்கெனவே லீவு எழுதிக் கொடுத்திருந்ததால் வீட்டில்தான் இருந்தேன். மணவறையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் சும்மா கிடக்கிறாளே என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பேன்? நான் கூடத்தில் உட்கார்ந்து, தகட்டை எவ்வளவு மெல்லியதாக்கியிருப்பார்கள், உணர்கருவிகளை எந்தக் கோணத்தில் வைத்திருப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது. மாலையோடு அல்ல, அந்த இயந்திரத்தின் முன்னால், தப்பியதைக் காட்டும் புள்ளி திரையில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு.

வாரம் முடிந்ததும் போன் வந்தது. குரல் கட்டிப்போயிருந்தது.

"நல்லா வந்திருக்கு. ஆனா ஷிஃப்டுக்கு ஆளே பத்தல லா. ரெண்டு பேரு காய்ச்சல்ல படுத்துட்டாங்க. வெவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருந்திருந்தா இன்னும் எவ்ளோ எண்ணியிருக்கலாம்!"

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே," என்றேன்.

"ஒன்னயா?" என்றார். கேலியே இல்லை, நிஜமாகவே திகைத்துப்போயிருந்தார். "எனக்குத் தோணவே இல்லயே."

எனக்கு அந்த வாரம் முழுக்க வேறெதுவும் தோன்றவில்லை.