புதுப் பெட்டிக்குள் பழைய எக்கோ

எக்கோவும் ரிவெர்பும் ஒன்றுதான் என்று திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். மிகுந்த மனவருத்தத்துடன் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. கிணற்றுக்குள் தலையை நீட்டி "அப்பு" என்று கூப்பிட்டால், கொஞ்சம் பொறுத்து இன்னொரு "அப்பு" மேலே வருமே, அது எக்கோ. காலிக் கல்யாண மண்டபத்தில் தும்மினால், தும்மல் உடனே அடங்காமல் சுவரையெல்லாம் தடவிக்கொண்டு கிடக்குமே, அது ரிவெர்ப். முன்னதற்கு எதிரொலி என்று தமிழில் நல்ல சொல் இருக்கிறது. பின்னதைக் கார்வை என்று சொல்லலாமே என ஒரு மைக்செட்காரரிடம் யோசனை தெரிவித்தேன். "அது எந்தக் கடைல கிடைக்கும்?" என்றார்.

மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பது என்பது, எல்லோரும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் கேட்காத ஒன்றைச் செய்வது. அப்படி உட்கார்ந்து நொந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா படிக்கலாம்.

நாற்காலிக்குக் கெடு

தொண்ணூறுகள் முழுக்க என் காலடியில் ஒரு டேப் எக்கோ பெட்டி இருந்தது. உள்ளே ஒரு டேப் வளையமாகச் சுற்றும். நான் வாசித்ததைப் பதிந்துகொண்டு, சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொல்லும். பழைய சினிமாப் பாட்டுகளில் ஒரு கிதார் சொன்னதைத் தூரத்திலிருந்து இன்னொரு கிதார் ஆமோதிக்கும் அல்லவா, அந்தச் சத்தம். புது நூற்றாண்டு பிறந்த கொஞ்ச நாளில் டேப் அறுந்தது. மாற்று டேப் மதுரையிலும் கிடைக்கவில்லை.

எக்கோ இல்லாத என் கிதாரைக் கேட்ட எங்கள் குழுத் தலைவர் அந்தோணி மாஸ்டர், பக்கத்தில் கீபோர்டு வாசிக்கும் செல்வத்தைப் பார்த்தார். செல்வத்தின் கீபோர்டில் கிதார் என்று ஒரு பட்டன் உண்டு. அதற்கும் கிதாருக்கும் உள்ள உறவு, காலண்டரில் அச்சடித்த மாம்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் உள்ள உறவு. மாஸ்டருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. "அப்பு, ஒட்டன்சத்திரம் கச்சேரி வரைக்கும் பொறுப்பேன். அந்தப் பழைய சத்தம் வரலைன்னா ஒன் நாற்காலிய எடுத்துட்டு அங்கன ஒரு ஃபேனைப் போட்ருவேன். மேடைல ரொம்பப் புழுக்கமா இருக்கு."

பழசாக்கும் முறை

கிதார் சத்தத்தை வேண்டிய விதமெல்லாம் மாற்றித் தரும் மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். அதில் இல்லாத சத்தம் இல்லை. கோளாறே அதுதான். வாசித்ததை அப்படியே, ஒரு பிசிறில்லாமல், வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னது. பழைய டேப் அப்படிச் சொல்லாது. முதல் எதிரொலி கொஞ்சம் மங்கும், அடுத்தது இன்னும் மங்கும். டேப் தளர்ந்து ஓடுவதால் சுருதி லேசாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தில்தான் அழகே இருக்கிறது.

ஆகவே எதிரொலியில் மட்டும் கூர்மையைக் குறைத்தேன். துளி நடுக்கத்தைச் சேர்த்தேன். அதிகமானால் ஜன்னி வந்த கிதார். குறைந்தால் மறுபடியும் வாய்ப்பாடு. வீட்டில் பல நாள் ஒரே வரியை வாசித்துக்கொண்டிருந்தேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி ஒருநாள் கேட்டாள்: "புதுசை வாங்கிப் பழசாக்குறதுக்கா இம்புட்டுப் பாடு? எங்கிட்டக் குடுத்திருந்தா ரெண்டு நாள் அடுப்படில வச்சுத் தந்திருப்பேன்ல?"

புளியமரத்து வித்வான்

செம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. பந்தலிலிருந்து மெயின் ரோடு வரை மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர். பாட்டின் தாளத்தோடு பொருந்தும்படி எக்கோவை அளந்து வைத்திருந்தேன். மேடையில் அமிர்தம். ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். மின்சாரம் வயரில் பறக்கும். சத்தம் காற்றில் நடந்துதான் வரும். கடைசி மரத்தடியில் நிற்பவருக்கு அந்த மரத்துச் சத்தம் முதலில் வரும். பிறகு முந்தைய மரத்துச் சத்தம், அதற்கு முந்தைய மரம் என்று வரிசையாக வந்து சேரும். ஒவ்வொன்றோடும் என் எக்கோ வேறு.

பாட்டு முடிந்து சோடா குடித்துக்கொண்டிருந்தோம். குழந்தையின் தாய்மாமன் ரோட்டுப் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். என் கையிலிருந்த சோடாவைப் பார்த்தார், கிதாரைப் பார்த்தார், கடைசியில் மாஸ்டரைப் பார்த்துக் கேட்டார்: "இங்கன நீங்க எல்லாரும் சோடா குடிக்கிறீக. அங்க புளியமரத்துல ஒருத்தன் நிறுத்தாம வாசிச்சான். அவன் யாரு?"

ஆண்டவரின் செவி

ஊர் மாதா கோவில் திருவிழாப் பாடல்களுக்கும் எங்கள் குழுதான். கூரை உயரம் என்பதால் ரிவெர்ப், அதாவது கார்வை, கட்டடத்திலேயே உண்டு. அதன் மேல் எக்கோவைப் போட்டு ஒத்திகை பார்த்தேன். பங்குத்தந்தை கண்ணை மூடிக் கேட்டார். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் நம்பிக்கை வந்தது. தந்தை கண்ணைத் திறந்து என் தோளில் கை வைத்தார். "தம்பி, ஒரு தடவை வாசிச்சாப் போதும். ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும்."

ஒரு தரம்

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில் விழா. செல்வம் கிதார் பட்டனைத் துடைத்துவைத்துக்கொண்டு வந்திருந்தான். அன்றைக்கு வந்தது, ஐயா, அந்தச் சத்தம்! மங்கல், தள்ளாட்டம், தூரத்து ஆமோதிப்பு எல்லாம் அச்சாக வந்தன. நானே எழுந்து கைதட்டியிருப்பேன். கையில் கிதார் இருந்தது. கூட்டம் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் மேடையில் ஃபேன் வைக்க இடம் பார்ப்பது போலிருந்தது.

நடுவில் ஏலம். அம்மன் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தைக் கமிட்டித் தலைவர் ஏலம் விடுவார். அது வீட்டிலிருந்தால் வியாபாரம் கொழிக்கும் என்பதால், மார்க்கெட் கமிஷன் மண்டிக்காரர்கள் எல்லோரும் முன்வரிசையில் இருந்தார்கள். கோயில் மைக் கர்புர் என்றது. யாரோ அவசரத்தில் எங்கள் மைக் ஒன்றை எடுத்து, காலியாகக் கிடந்த துளையில் செருகிக் கொடுத்தார்கள். அது என் பெட்டியின் துளை.

ஒரு தக்காளி மண்டிக்காரர் சும்மா ஆரம்பித்து வைக்கலாமென்று ஒரு சின்னத் தொகை கேட்டார். தலைவர் கூவினார்: "ஒரு தரம்!" ஸ்பீக்கர், "ஒரு தரம்... ஒரு தரம்..." என்றது. மண்டிக்காரர் துள்ளி எழுந்தார். "மூணு தரம் ஆச்சுங்க! பழத்தைக் குடுங்க!" மற்றவர்கள் கொதித்தார்கள். நான் மேடை முனைக்கு வந்து, கேட்டது மூன்றாம் தரம் அல்ல, முதல் தரத்தின் இரண்டு எதிரொலிகள்தான், கவனித்தால் பின்னவை சற்று மங்கலாக இருந்ததை உணரலாம் என்று விளக்கினேன். "மங்கலோ, பளிச்சோ, அம்மன் சந்நிதில சொன்னது சொன்னதுதானுங்க" என்றார் அவர். தலைவர் அம்மனைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், பழத்தைக் கொடுத்துவிட்டார்.

பழத்தைத் துண்டில் முடிந்துகொண்டு மண்டிக்காரர் நேராக மாஸ்டரிடம் வந்தார். "அடுத்த வருசக் கச்சேரி என்னோட உபயமுங்க. ஆனா ஒண்ணு, அந்த ரெட்டைச் சத்தக்காரர் இல்லாம வந்துறாதீங்க."

பழைய எக்கோவைப் புதுப் பெட்டியில் வரவழைக்க முடியும் என்பதும், அதை யாரும் கிதாருக்காகக் கேட்கப்போவதில்லை என்பதும் இந்தத் தொழிலில் நான் கற்ற இரண்டு உண்மைகள். என் நாற்காலி குழுவில் நிலைத்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் மட்டும், ஏலம் முடியும் வரை அதைப் பெட்டியோடு மேடைக்குக் கீழே இறக்கிப் போடுகிறார்கள்.