பேய்க்குக் கொடுத்த அழுகை

பேய்ப்படத்தில் கதவு கிறீச்சிட வேண்டுமா, கூப்பிடு கதவுக்காரரை! அவருடைய சொந்தப் பெயர் ஸ்டூடியோவில் ஒருவருக்கும் தெரியாது. வானொலியில் பாழடைந்த பங்களா நாடகங்கள் சக்கைப்போடு போட்ட காலத்திலேயே துருப்பிடித்த கீல்களோடு சத்தம் எழுப்பும் தொழிலுக்கு வந்தவர். எலும்பு முறிய வேண்டுமென்றால் கேரட்டை உடைப்பார்.

முதல் சினிமாவில்தான் வினை வந்தது. பூட்டிய மாடியறையில் ஒரு பெண் பேய் அழ வேண்டும். அழ வந்த நடிகைகளையெல்லாம் டைரக்டர் விரட்டிவிட்டுக் கதவுக்காரர் மேல் பாய்ந்தார்.

"இது அழுகையாய்யா? சளி புடிச்ச மாதிரி இருக்கு! நாளைக்குள்ள நல்ல அழுகை வரலேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

கதவுக்காரரின் அப்பா இறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அம்மா தினமும் மத்தியானம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். பாவி மனுஷன், அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் ரெக்கார்டரை ஓடவிட்டு வெளியே போய்விட்டார்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாரே, அந்தத் திமிரை என்னவென்று சொல்ல! அழுகை கிளம்பியதும் தியேட்டரே அலறியது. அம்மா மட்டும் திரையை விட்டுவிட்டு மகனைப் பார்த்தாள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

காலம் மாறியது. சீரியல்களில் பேய் மருமகளாக வந்தது, அதே அழுகையோடு. அப்புறம் பேயே காமெடியாகிவிட்டது. அழுகையை வேகம் கூட்டிப் போட்டார்கள். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்து வீட்டுப் பொடிசுகள் போனில் அதைப் போட்டுக் கும்மாளமடிக்கும்போது அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். இனிமேல் அதைப் போடாதே என்று அவர் எடிட்டரிடம் கெஞ்சியும் பார்த்தார்.

"அண்ணே, அது இப்ப ஊர்ச் சொத்துண்ணே!"

போன மாதம் அம்மாவின் ஒரே தங்கை, அவருடைய சித்தி, இறந்துபோனாள். செய்தி வந்ததும் அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. பதறிப்போய்க் கதவைத் திறந்தார். அம்மா துண்டை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் குலுங்கியது.

"என்னம்மா இது? வாய்விட்டு அழும்மா!"

அம்மா துண்டை எடுத்தாள்.

"மிஷினை எங்க வெச்சிருக்க? எடுத்துட்டுப் போயிடுப்பா. அப்புறம் அழறேன்."

"சத்தியமா ஒண்ணும் வெக்கலம்மா" என்று காலைப் பிடித்தார்.

அம்மா நம்பவில்லை. துண்டை மறுபடியும் வாயில் திணித்துக்கொண்டாள்.