ஞாயிற்றுக்கிழமை செய்த பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் டிரில்லிங் மெஷின் ஓடியது. கோயில் என்று நான் சொல்வது எங்கள் சர்ச். காரைக்குடியில் எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம். ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறக்கக்கூடாதுதான். ஆனால் தூக்கிவாரிப் போட்டதில் திறந்துவிட்டேன். ஏணியில் ஒருவர், ஏணியைப் பிடித்தபடி இன்னொருவர். ஏசி மாட்டுவதற்காகப் பின்பக்க ஜன்னல் நிலையில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போதகர் மைக்கின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்ததும் கோயில் கமிட்டித் தம்பியைப் பிடித்தேன். "என்னப்பா இது, ஞாயித்துக்கெழமை அதுவுமா?"

"அவங்களுக்கு இன்னைக்குத்தான் ஃப்ரீயாம் ஆன்ட்டி."

ஃப்ரீயாம்! நாற்பது வருஷமாக நான் நடுங்கிக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்தை அந்தத் தம்பி அரை வாக்கியத்தில் முடித்துவிட்டது. ஆன்ட்டி என்றதைக்கூட மன்னித்துவிடலாம். அந்தத் துளையிலிருந்து வந்த வாசனையை என்ன செய்வது? சூடேறிய பழைய மரத்தின் வாசனை. அந்த நிலையைச் செய்தவர் என் அப்பா.

அப்பா தச்சர். தாத்தா காலத்தில் வேதத்தில் சேர்ந்த ஆசாரிக் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குக் கூட்டாளி முத்தையா ஆசாரி. அவர் மதம் மாறாத வழியில் வந்தவர், அப்பாவுக்கு மச்சான் முறை, எனக்கு மாமா. எங்கள் வீட்டை ஒட்டி ஒரே பட்டறை, ஒரே ரம்பம், லீவு மட்டும் வேறு வேறு. ஆசாரிமார் அமாவாசையன்று ஆயுதம் தொடமாட்டார்கள். அப்பா ஞாயிறன்று தொடமாட்டார். ஞாயிறு மாமா தனியாக இழைத்துக்கொண்டிருப்பார், அமாவாசைக்கு அப்பா தனியாக இழைத்துக்கொண்டிருப்பார். "மாசத்துக்கு ஒரு நாளு ஓஞ்சா எங்க சாமிக்குப் போதும். ஒங்க சாமிக்கு நாலஞ்சு நாளு கேக்குதே மச்சான்" என்று மாமா சீண்டுவார். அப்பா சிரித்துக்கொண்டே ஆணியைத் தேடுவார். ரொம்பச் சாது. வழியில் நாய் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு போகிற மனிதர்.

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். குழம்பு சனிக்கிழமையே வைத்தாக வேண்டும். துணி சனிக்கிழமையே தேய்த்தாக வேண்டும். ஜாக்கெட்டில் கொக்கி அறுந்துபோனால் பின் குத்திக்கொள்ளலாம், அது வேலையில் சேராது. ஊசியில் நூல் கோத்தால் போச்சு, அது வேலை! நான் சிவகங்கையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதிது அது. திங்கட்கிழமை போட ஜாக்கெட் இல்லாமல், ஒரு ஞாயிறு மத்தியானம் போர்வைக்குள் உட்கார்ந்து கொக்கி தைத்திருக்கிறேன். தப்புத்தான். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

யாருக்குப் பயந்து என்கிறீர்களா? கடவுளுக்கு இல்லை. ஞானமுத்து மூப்பருக்கு.

அப்போது எங்களுக்கென்று தனிப் போதகர் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து திருவிருந்து கொடுப்பார். அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிற நாள், எங்களுக்கு அதுதான் மாதத்திலேயே பெரிய நாள். மற்றபடி கோயில், சபைப் பெரியவரான மூப்பர் கையில்தான் இருந்தது. ஓய்வுநாளைப் பற்றிய நாலாம் கட்டளையை அவர் அளவுக்கு யாரும் பிடித்துக்கொண்டு தொங்கியதில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பேரே 'நாலாங்கட்டளை'. இத்தனைக்கும் ஞாயிறு முழுக்க மனிதர் ஓடியாடித் திரிவார். மணி அடிப்பார், பெஞ்சு இழுப்பார், மைக் செட்டைத் தோளில் சுமந்து வருவார். கேட்டால், "அது வேலையில்ல, ஊழியம்" என்பார். வேலைக்கும் ஊழியத்துக்கும் எல்லை எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மறுநாள் கல்யாணம், பெண்ணை அலங்கரிக்கிற அறைக் கதவு மழையில் ஊதிப்போய்ச் சாத்த முடியவில்லை. முத்தையா மாமா ஊரில் இல்லை. அப்பா தயங்கித் தயங்கி, கடைசியில் பையை எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் இழைத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. செக்காலை ரோட்டில் பையோடு வந்தவரை மூப்பர் பார்த்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரம். மூப்பர் நோட்டைத் திறந்தார். "ஓய்வுநாளை மீறி வேலை செய்தவர், தச்சர் தேவதாஸ். மூன்று மாதம் திருவிருந்து இல்லை." சபை முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. அப்பா எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சு அவர் செய்தது. முன்னால் வெள்ளைத் துணி விரித்திருந்த திருவிருந்து மேஜையும் அவர் செய்ததுதான். தான் செய்த மேஜைக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்று ஒரு மனிதரைச் சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள்!

வீட்டுக்கு வந்ததும் அப்பா காலண்டரில் மூன்று மாதம் தள்ளி வருகிற திருவிருந்து ஞாயிறைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தார். சாப்பாடு குறைந்துவிட்டது. பட்டறையில் பாடுகிறவர் பாடுவதை நிறுத்திவிட்டார். அம்மா ஒரு தடவை "போனாப் போகுது, விடுங்க" என்றதற்கு, "ஒனக்கென்ன, நீ போயி வாங்கிட்டு வந்துர்ற" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வட்டம் போட்ட ஞாயிறு வந்தது. காலை ஆறு மணிக்கே அப்பா குளித்துச் சவரம் செய்து, சனிக்கிழமை தேய்த்து வைத்த வெள்ளை வேட்டி சட்டையில் தயாராக நின்றார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அப்போது வாசல் கேட் சத்தம் கேட்டது. மூப்பர் நின்றார். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. கையில் ஒரு வெள்ளை நூல்.

நூலை நீட்டினார். இரண்டு முனையிலும் முடிச்சு இருந்தது. எங்களுக்குப் புரிந்துவிட்டது. இறந்தவரைப் பெட்டிக்கு அளக்க எங்கள் ஆட்கள் டேப் வைக்கமாட்டார்கள். நூலால் அளந்து முடிச்சுப் போடுவார்கள், பெட்டி மூடும்போது அந்த நூலையும் உள்ளே வைத்துவிடுவார்கள்.

"ஆத்தாடி! யாருக்குய்யா?" என்றார் அம்மா.

"எங்க வீட்டுல. விடியக்காலம் நாலு மணிக்கு" என்றார் மூப்பர். மூப்பரம்மா! முந்தின ஞாயிறுகூட எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினவர்.

அப்பா நூலை வாங்கிக்கொண்டார். முடிச்சுக்கு முடிச்சு இழுத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, இன்னைக்கு ஞாயித்துக்கெழம."

பேசினது அப்பாவா?

"முத்தையாவக் கேட்டுப் பாருங்களேன்."

"அங்குட்டுப் போயிட்டுத்தான் வாரேன். இன்னைக்கு அமாவாசையாம். ஊருல ஆசாரிமாரு பட்டறை பூராம் பூட்டிக் கெடக்கு."

"நாளைக்கு விடிஞ்சதும் முடிச்சுத் தாரேன்."

"இந்த வெயிலுக்குத் தாங்காது தேவதாசு. போதகரும் சாயங்காலம் போயிட்டா அடுத்த மாசந்தான்." பழக்க தோஷம், மூப்பரின் வாய் தன்னால் சொல்லிவிட்டது: "இது வேலையில்லப்பா. ஊழியம்."

"அன்னைக்குக் கதவ எழச்சது வேல. இன்னைக்குப் பெட்டிய எழச்சா ஊழியமாய்யா? எழப்புளி ஒண்ணுதான?"

அப்பா குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மூப்பர் பட்டறை ஓரம் அடுக்கியிருந்த பலகைகள் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. "ரெண்டும் வேலதான்" என்றார். "வேல சொல்லத்தான் வந்துருக்கேன். ஞாயித்துக்கெழம. நானு."

அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "மொத மணி அடிச்சிருச்சாம்மா?"

"இல்லப்பா." எப்படி அடிக்கும்? அடிக்கிறவர் எங்கள் பலகைமேல் உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ, "வேணாம்ப்பா! இன்னும் மூணு மாசம் கடைசி பெஞ்சுல ஒக்காரப் போறீகளா?" என்று கத்திவிட்டேன். மனைவியைப் பறிகொடுத்துவிட்டு வந்த ஆளின் முகத்துக்கு எதிரே! அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். தேய்த்த வேட்டியை அப்பா மடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பழைய கைலியைக் கட்டிக்கொண்டார்.

மூப்பர் வீட்டுக்குப் போகவில்லை. பார்த்துக்கொள்ள அங்கே மகள்கள் இருந்தார்கள். இவர் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார், அப்பா அறுத்தார். கொஞ்ச நேரத்தில் முத்தையா மாமா வந்து வாசலில் உட்கார்ந்தார். மனசு கேட்கவில்லை போல. "நான் ஆயுதம் தொடமாட்டேன். வாயால சொல்லுறதுக்கு அமாவாச ஒண்ணும் சொல்லாது" என்று அங்கிருந்தே வேலை பார்த்தார். "மூப்பரய்யா, அமுக்காதீக. சும்மா தாங்குங்க, போதும்." ஒரு பலகை நழுவி மூப்பர் காலில் விழப்போனது. மாமா பாய்ந்து வந்து பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. "புடிச்சது பலகையத்தான், உளிய இல்ல" என்றார், யாரும் கேட்காமலே. அதற்குப் பிறகு அவர் வாசலுக்குத் திரும்பவில்லை.

அம்மாவும் நானும் கோயிலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பாட்டு கேட்கும். திருவிருந்துக்கு முன்னால் பாடுகிற பாட்டு வந்தபோது அப்பா இழைப்புளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பாட்டு முடியும்வரை நின்றார். மூப்பரும் எழுந்து நின்றார், சட்டை முழுக்க மரத்தூள். மாமா எதற்கென்று தெரியாமலே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்ததும் அப்பா மறுபடி இழைக்க ஆரம்பித்தார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

மூன்று மணிக்குப் பெட்டி தயார். நூலை அப்பாவே உள்ளே வைத்தார். சாயங்காலம் அடக்கம் ஆயிற்று.

பெரிய அதிர்ச்சி அடுத்த ஞாயிறுதான். தண்டனை முடிந்தும் அப்பா பழகிப்போய் அந்தக் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அறிவிப்பு நேரத்தில் மூப்பர் அதே நோட்டைத் திறந்தார். "ஓய்வுநாளை மீறி வேலை செய்தவர்கள்" என்று ஆரம்பித்தார். "தச்சர் தேவதாஸ்" என்றார். அட பாவி மனுசா! உன் மனைவிக்குத்தானே அப்பா செய்தார்! நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அப்போது மூப்பர் இன்னொரு பெயரை வாசித்தார். "ஞானமுத்து." வாசித்துவிட்டு நோட்டை மூடி மேஜையில் வைத்தார். நடுவழியாக, எல்லோரும் பார்க்க, கடைசிவரை நடந்துபோய் அப்பாவின் பெஞ்சுக்கு முன்னால் நின்றார். அப்பா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அவர் தன் பெயரை வாசித்ததை நான் மதிக்கிறேன். அப்பா பெயரை வாசித்ததை இன்னும் மன்னிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குதித்தேன். "ஒங்க பேர எதுக்கு வாசிக்கணும்? ஒங்களுக்குக் கோவமே வராதா?"

அப்பா சிரித்தார். மூன்று மாதம் கழித்து வந்த சிரிப்பு. "எழச்சது நானுதானம்மா. வேலய வேலன்னு சொன்னாரு, அது போதும். அதோட, தனியா ஒக்காந்தப்பதான் அந்தப் பெஞ்சு ரொம்பப் பெருசா இருந்துச்சு."

அடுத்த மூன்று மாதமும் இரண்டு பேரும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். ஒரே பாட்டுப் புஸ்தகத்தை இருவரும் பிடித்துக்கொள்வார்கள். பட்டறையில் அப்பா மறுபடி பாட ஆரம்பித்தார். அமாவாசையை மீறியது மாமாவை என்ன செய்தது என்று தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தார்.

இப்போது மூவரும் இல்லை. நோட்டில் பெயர் எழுதுகிற வழக்கமும் போய்விட்டது, போகட்டும், அதற்கு நான் அழமாட்டேன். போன் செய்தால் ஃப்ரீசரோடு சேர்த்துப் பெட்டியும் வேனில் வந்து இறங்குகிறது, என்ன கிழமையானாலும். நானும் யோக்கியமில்லை. போன ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்புவதற்கு முன்னால்தான் வக்கீல் ஒருவருக்கு இரண்டு பக்கம் டைப் அடித்து அனுப்பினேன். வேலையா ஊழியமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்குக் கமிட்டித் தம்பியை விட்டுவிட்டு வெளியே வந்தேன். ஏசிக்கு இடம் வேண்டுமென்று அந்தக் கடைசி பெஞ்சைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டிருந்தார்கள். ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன். டிரில் போட்டவர் டீ கிளாசோடு வந்து மறு ஓரத்தில் உட்கார்ந்து, பெஞ்சைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல மரம்மா. வெறகுக்கா போட்டுருக்கீக?"

"வெறகா! ஆளு ஒக்காருற பெஞ்சுய்யா இது" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"அம்புட்டுப் பின்னால போயி யாரும்மா ஒக்காருவா?" என்றார் அவர்.

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, மிச்சத் துளையைப் போட உள்ளே போனார்.